புகையிலை இலைக்குள் புதிய மரபணு: அக்ரோபாக்டீரியம் முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

பாக்டீரியாத் தொற்று கொடுத்த இருபத்து நான்காம் நாள் காலையில் தட்டைத் திறக்காமல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், வெளுத்துப்போன இலைத் துண்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை முண்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முழுச் செடியாக வளரக் கூடியது. முதல்முறை நான் அப்படி நாற்பது தளிர் எடுத்தேன். நாற்பதிலும் மரபணு ஏறிவிட்டது என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். வேர் மீடியாவுக்கு, அதாவது வேர் விடவைக்கும் ஊட்டக் கலவைக்கு, மாற்றிய பிறகு வேர் விட்டவை ஆறுதான். மற்றவை எல்லாம் ஆன்டிபயாடிக்குக்குத் தப்பிய சாதாரணத் தளிர்கள்.

வேற்று டிஎன்ஏவைச் செடியின் செல்லுக்குள் சேர்க்கவும் தளிர் எடுக்கவும் ஒன்றரை மாதம் போதும். அது உண்மையிலேயே சேர்ந்திருக்கிறது, அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்று காட்ட இன்னும் ஆறேழு மாதம் ஆகும். அந்தப் பின்பாதியை அவசரப்பட்டுத் தாண்டிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு பாதியையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக புராஜெக்ட் செய்யப் போகும் முதுகலை மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மைக்ரோபிப்பெட், ஆட்டோகிளேவ், லேமினார் ஹூட் எல்லாம் பழகியிருந்தால் போதும்.

ஏன் புகையிலை, ஏன் இந்த பாக்டீரியா

செடிக்குள் டிஎன்ஏவைச் சேர்க்கப் பல வழிகள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டும் கூட்டாளிகளும் 1980களில் உருவாக்கிய மரபணுத் துப்பாக்கி, டிஎன்ஏ பூசிய நுண்ணிய உலோகத் துகள்களைச் செல்லுக்குள் சுடுகிறது. அவர்கள் முதலில் சுட்டுப் பார்த்தது வெங்காயத் தோலை. செல்சுவரை நொதியால் கரைத்துவிட்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து டிஎன்ஏவை உள்ளே அனுப்பும் வழியும் இருக்கிறது. அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடி என்றால் இன்னும் எளிது. பூங்கொத்தை அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் கரைசலில் முக்கி எடுத்தாலே விதையில் மரபணு ஏறிவிடும். 1998ல் கிளஃப், பென்ட் இருவரும் வெளியிட்ட முறை அது.

ஆனால் முதல்முறை கை வைக்கிறவருக்கு நான் சொல்வது புகையிலை இலைத் துண்டும் அக்ரோபாக்டீரியமும்தான். 1985ல் ஹார்ஷ் குழுவினர் வெளியிட்ட இந்த முறை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. துப்பாக்கியால் சுட்டால் மரபணு பல பிரதிகளாக, உடைந்தும் சிதறியும் ஏறுவது வழக்கம். பாக்டீரியா கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிரதிகள், ஓரங்கள் ஓரளவு சுத்தமாக ஏறும். புகையிலை இலையோ எங்கே வெட்டினாலும் அந்த ஓரத்தில் தளிர் விடும். திசு வளர்ப்புக்கு நாம் எல்லோரும் பயன்படுத்தும் எம்எஸ் மீடியாவே, விஸ்கான்சினில் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக உருவாக்கி 1962ல் வெளியிட்டதுதான்.

பாக்டீரியா செய்யும் வேலை

இதை மட்டும் பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அக்ரோபாக்டீரியம் மண்ணில் வாழ்வது. செடியின் தண்டு தரைமட்டத்தில் காயம்பட்டால் உள்ளே புகுந்து, அங்கே கழலை போன்ற கட்டியை உண்டாக்கும். இந்த நோய்க்கு இந்த பாக்டீரியாதான் காரணம் என்று 1907ல் அமெரிக்காவில் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கொன்ற பிறகும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்ததுதான் புதிர். ஏதோ ஒன்று செல்லுக்குள் போய் நிலைத்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த ஏதோ ஒன்று இருக்கும் இடம் டிஐ பிளாஸ்மிட் என்ற பெரிய வட்ட டிஎன்ஏ என்று 1974ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஷெல், வான் மோன்டகு குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு துண்டு செடியின் டிஎன்ஏவோடு சேர்ந்திருப்பதை 1977ல் மேரி-டெல் சில்டன் குழு காட்டியது. அந்தத் துண்டுக்குப் பெயர் டி-டிஎன்ஏ.

டி-டிஎன்ஏவின் இரண்டு பக்கமும் 25 எழுத்து நீளத்தில் எல்லைக் குறிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் வெட்டும் நொதி பார்ப்பது இந்தக் குறிகளை மட்டும்தான். நடுவில் என்ன மரபணு இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. கட்டி உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை நடுவில் வைத்தாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். வெட்டுவது, சுமப்பது, உள்ளே தள்ளுவது எல்லாம் விர் மரபணுக்களின் வேலை. அவை எல்லைக்கு வெளியே இருப்பதால் செடிக்குள் போவதில்லை. காயம்பட்ட செடி கசியவிடும் பீனால் வகைப் பொருள்களை மோப்பம் பிடித்தால்தான் விர் மரபணுக்கள் விழிக்கும். அவற்றில் முக்கியமானது அசிட்டோசிரிங்கோன். சுற்றுப்புறம் சற்றே அமிலமாகவும், வெப்பம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

இது மனிதர் மட்டும் செய்த விளையாட்டும் இல்லை. நாம் அவித்துச் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மரபுத்தொகுதியில் அக்ரோபாக்டீரியத்தின் டி-டிஎன்ஏ இருப்பதாக 2015ல் வெளியானது. எந்த ஆய்வகமும் வைக்காமல், காலங்காலமாக அங்கேயே இருந்து வருகிறது.

தொடங்கும் முன்

முதலில் அனுமதி. இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989ல் வந்த விதிகள்படி, மரபணு மாற்ற வேலை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் வேலை அந்தக் குழுவின் முன் போயிருக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் நகலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இந்த வேலையை வீட்டிலோ மாடித் தோட்டத்திலோ செய்யக் கூடாது.

அடுத்தது கடத்தி, அதாவது மரபணுவைச் சுமந்து போகும் பிளாஸ்மிட். இந்த வழிகாட்டியில் பிகேம்பியா 2301 என்ற பிளாஸ்மிட்டை எடுத்துக்கொள்கிறேன். இதன் டி-டிஎன்ஏவுக்குள் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று, கனமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செயலிழக்க வைக்கும் என்பிடி-2. மற்றது, நீல நிறம் காட்டும் கஸ் மரபணு. இந்த கஸ் மரபணுவுக்குள் ஒரு இன்ட்ரான், அதாவது புரதமாக மாறும் முன் நீக்கப்பட வேண்டிய இடைத்துண்டு, செருகப்பட்டிருக்கிறது. அதை வெட்டி நீக்கச் செடியின் செல்லுக்குத் தெரியும், பாக்டீரியாவுக்குத் தெரியாது. எனவே நீலம் வந்தால் அது செடிச் செல்லில் வந்த நீலம். இன்ட்ரான் இல்லாத பழைய கடத்திகளில் இலையில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவே நீலம் காட்டி ஏமாற்றிவிடும். உங்கள் ஆய்வுக்கான சொந்த மரபணுவை வைக்கும் முன், இந்த வெறும் கடத்தியை வைத்தே ஒருமுறை முழுச் சுற்றும் ஓடிப் பாருங்கள்.

பாக்டீரியா வகை எல்பிஏ 4404. கட்டி மரபணுக்கள் நீக்கப்பட்டது, குரோமோசோமில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளது. திரவ மீடியாவில் சில சமயம் திரிதிரியாகத் திரளும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அப்படி.

கரைசல்களும் மீடியாவும்

ஸ்டாக் கரைசல்களை இப்படி வைத்துக்கொண்டால் தொற்று நாளில் கணக்குப் போட வேண்டியிருக்காது. பிஏபி, என்ஏஏ என்ற இரண்டு செடி ஹார்மோன்களையும் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, தண்ணீர் சேர்த்து மில்லிக்கு 1 மி.கி. ஆக்குங்கள். கனமைசின் தண்ணீரில் மில்லிக்கு 50 மி.கி., பின்னால் பாக்டீரியாவை அடக்க உதவும் செஃபோடாக்சிம் தண்ணீரில் மில்லிக்கு 250 மி.கி. இரண்டையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, சிறு குழாய்களில் பிரித்து உறைநிலையில் வையுங்கள். ரிஃபாம்பிசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். அசிட்டோசிரிங்கோன் 19.6 மி.கி. எடுத்து 1 மி.லி. டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 100 மில்லிமோலார். லிட்டருக்கு 1 மி.லி. சேர்த்தால் 100 மைக்ரோமோலார் கிடைக்கும்.

அடிப்படை மீடியாவுக்கு லிட்டருக்கு எம்எஸ் பொடி 4.4 கிராம், சர்க்கரை 30 கிராம். பிஎச் 5.8க்குக் கொண்டுவந்த பிறகு அகார் 8 கிராம். 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ். தளிர் மீடியா என்றால் இதோடு பிஏபி 1 மி.லி., என்ஏஏ 0.1 மி.லி. பிஏபி தளிரைத் தூண்டும், என்ஏஏ வேரைத் தூண்டும். இரண்டுக்கும் இடையிலான விகிதம்தான் திசு எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கிறது.

ஆன்டிபயாடிக்கை மீடியா ஆறிய பிறகே சேருங்கள். குடுவையின் அடிப்பாகத்தைக் கையில் பிடித்தால் சூடாக இருக்க வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் ஏறத்தாழ 50 டிகிரி. அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் செஃபோடாக்சிம் கெட்டுவிடும். மூன்றாம் வாரம் பாக்டீரியா திரும்ப எழுந்து தட்டு முழுவதும் பரவும்போதுதான் தவறு தெரியும். ஊற்றி வைத்த தட்டுகளையும் வாரக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

படி 1: சுத்தமான செடி

புகையிலை விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். குழாயில் ஒரு சிட்டிகை போட்டு, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், பாதிக்குப் பாதி நீர் கலந்த ப்ளீச்சில் 10 நிமிடம், பிறகு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் ஐந்து முறை கழுவுங்கள். ஹார்மோன் இல்லாத, பாதி அளவு எம்எஸ் மீடியாவில் தூவி, 25 டிகிரியில் 16 மணி நேர வெளிச்சத்தில் வையுங்கள். நாற்று வந்ததும் பெரிய பாட்டிலுக்கு ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள்.

ஐந்தாறு வாரத்தில் இலை தயார். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலையை எடுங்கள். முழுதாக விரிந்திருக்க வேண்டும், ஆனால் முற்றியிருக்கக் கூடாது. அடி இலைகள் மஞ்சளாகத் திரும்பிவிட்ட பாட்டிலை வைத்து வேலை செய்யாதீர்கள். அந்தச் செடி ஏற்கெனவே வாடத் தொடங்கிவிட்டது, துண்டுகள் தளிர் விடத் தயங்கும்.

படி 2: பிளாஸ்மிட்டை பாக்டீரியாவுக்குள் ஏற்றுதல்

உறையவைத்து உருக்கும் முறை போதும், மின்துடிப்புக் கருவி தேவையில்லை. எல்பிஏ 4404ஐ பாக்டீரியாவுக்கான ஒய்இபி மீடியாவில் 28 டிகிரியில் ஓடி (கரைசலின் கலங்கல் அளவு) 0.5 முதல் 1 வரை வளர்த்து, பனியில் குளிரவைத்து, சுழற்றி அடியில் படியவிடுங்கள். குளிர்ந்த 20 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் மிகக் குறைந்த அளவில் கலக்குங்கள். 100 மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் சேர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, 37 டிகிரி நீரில் 5 நிமிடம் வைத்து உருக்குங்கள். 1 மி.லி. ஒய்இபி ஊற்றி 28 டிகிரியில் மூன்று மணி நேரம் குலுக்கிவிட்டு, ரிஃபாம்பிசினும் கனமைசினும் உள்ள தட்டில் பரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் காலனிகள் வரும்.

நான்கு காலனியை எடுத்து பிசிஆர் செய்யுங்கள். பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து வெட்டியும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. சரியான காலனியைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80ல் வையுங்கள். இந்த இடத்தில் ஒரு நாளை மிச்சம் பிடித்துவிட்டு, கடத்தியே இல்லாத பாக்டீரியாவை வைத்து மூன்று மாதம் வேலை செய்தவர்கள் உண்டு.

படி 3: தொற்று நாள்

முந்தைய மாலை, கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து தட்டில் வளர்த்த ஒற்றைக் காலனியை 10 மி.லி. ஒய்இபியில், அதே இரண்டு ஆன்டிபயாடிக்கோடு, 28 டிகிரியில் குலுக்க விடுங்கள். காலையில் 600 நானோமீட்டரில் ஓடி பாருங்கள். 1.5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுழற்றி, மேலே நிற்கும் மீடியாவை ஆன்டிபயாடிக்கோடு கொட்டிவிட்டு, அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார் கலந்த திரவ எம்எஸ் 30 மி.லி.யில் கலக்குங்கள். பத்து மில்லியில் 1.5 இருந்தது முப்பது மில்லியில் 0.5 ஆகிவிடும். இந்தத் திரவ மீடியாவின் பிஎச் 5.5ஆக இருக்கட்டும். ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருங்கள், பாக்டீரியா விழித்துக்கொள்ளும்.

அதிகம் ஊற்றினால் அதிகம் ஏறும் என்று நினைத்து ஓடி 1, 1.5 என்று போகாதீர்கள். ஏறும் அளவு அதிகமாகாது, பின்னால் பாக்டீரியாவை அடக்குவதுதான் கடினமாகும்.

இலையை ஈரமான வடிதாளின் மேல் வைத்து, நடு நரம்பை ஒதுக்கிவிட்டு, அரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். புதிய பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு ஓரத்தை நசுக்கும், நசுங்கிய ஓரம் கறுத்துவிடும். மரபணு ஏறுவதும் தளிர் விடுவதும் அந்த ஓரத்துச் செல்களில்தான். வெட்டிய துண்டுகள் காயாமல் திரவ எம்எஸ்ஸில் மிதக்கட்டும். அறுபது துண்டு எடுத்துக்கொண்டால் தொற்றுக்கு நாற்பது, ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலுக்கு இருபது.

பாக்டீரியாக் கரைசலில் 10 நிமிடம் முக்கி, மெதுவாக அலசுங்கள். எடுத்து வடிதாளில் இரண்டு பக்கமும் ஒற்றுங்கள். துண்டு பளபளவென்று ஈரமாகத் தெரியக் கூடாது. பிறகு, ஆன்டிபயாடிக் இல்லாத, அசிட்டோசிரிங்கோன் சேர்த்த தளிர் மீடியாவில் அடுக்கி, இருட்டில் இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளின் வெப்பநிலை

இதற்குத் தனியாக ஒரு தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. அக்ரோபாக்டீரியம் நன்றாக வளர்வது 28 டிகிரியில். ஆனால் மரபணுவைச் செடிக்குக் கொடுப்பது 22 டிகிரியை ஒட்டித்தான் சிறப்பாக நடக்கும். டி-டிஎன்ஏவை உள்ளே அனுப்ப விர் புரதங்கள் சேர்ந்து கட்டும் குழாய் போன்ற அமைப்பு வெப்பம் கூடினால் சரியாக உருவாவதில்லை. 28, 29 டிகிரியில் மாற்றம் மிகக் குறைந்துவிடும். தட்டில் பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக நடப்பது போலவே தோன்றும்.

ஒரு மே மாத வாரக்கடைசியில் எங்கள் கல்ச்சர் அறையின் ஏசி இரவில் நின்றுபோனது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது உள்ளே வெளியறையைவிடச் சூடாக இருந்தது. அந்தத் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். வேர் விட்ட தளிர் ஒன்றுகூட வரவில்லை. அதன் பிறகு இந்த இரண்டு நாளுக்கு மட்டும் தட்டுகளை 22 டிகிரி வைத்த சிறிய இன்குபேட்டருக்குள் வைத்தோம். உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைத்தோம். நம் ஊர் வெயிலுக்கு இதைச் செய்தே ஆக வேண்டும்.

இரண்டாம் நாள் முடிவில் துண்டின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய பால்போன்ற வளையம் தெரிந்தால் சரியான நேரம். துண்டையே மூடும் அளவுக்குப் பாக்டீரியா படர்ந்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

படி 4: கழுவி, தேர்வு மீடியாவுக்கு

செஃபோடாக்சிம் லிட்டருக்கு 500 மி.கி. கலந்த திரவ எம்எஸ்ஸில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் அலசுங்கள். ஒற்றி எடுத்து, தளிர் மீடியாவோடு கனமைசின் 100 மி.கி., செஃபோடாக்சிம் 250 மி.கி. சேர்த்த தட்டில் வையுங்கள். வெட்டிய ஓரம் மீடியாவில் நன்றாகப் படியட்டும். ஓரம் மேலே தூக்கி நின்றால் அங்கே கனமைசின் சேராது, அங்கிருந்துதான் தப்பிப் பிழைக்கும் தளிர்கள் வரும். ஒரு தட்டில் பத்துத் துண்டுக்கு மேல் வேண்டாம். பதினான்கு நாளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

தொற்று கொடுத்ததில் நான்கைந்து துண்டை இந்தக் கட்டத்தில் எடுத்து கஸ் சாயத்தில் போட்டுவிடுங்கள். ஓரத்தில் ஆங்காங்கே நீலப் புள்ளி வந்தால் டி-டிஎன்ஏ உள்ளே போயிருக்கிறது. நிலைத்ததா என்று இது சொல்லாது. ஆனாலும் மூன்றாம் நாளிலேயே, முன்பாதி வேலை நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது.

இப்போது கண்ட்ரோல் தட்டுகள். இவை இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். முதலாவது: தொற்று கொடுக்காத துண்டு, ஆன்டிபயாடிக் இல்லாத தளிர் மீடியா. இதில் தளிர் கொத்துக் கொத்தாக வர வேண்டும். வரவில்லை என்றால் தவறு ஹார்மோனிலோ இலையிலோ இருக்கிறது, மரபணுவைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது: தொற்று கொடுக்காத துண்டு, கனமைசின் மீடியா. இது வெளுத்துச் சாக வேண்டும். பச்சைத் தளிர் வந்தால் உங்கள் கனமைசின் வேலை செய்யவில்லை, பக்கத்துத் தட்டில் வந்திருக்கும் பச்சைக்கும் மதிப்பில்லை. மூன்றாவது: கடத்தி இல்லாத வெறும் எல்பிஏ 4404 தொற்றிய துண்டு, கனமைசினும் செஃபோடாக்சிமும் உள்ள மீடியா. இதிலும் ஒன்றும் வரக் கூடாது.

புதிய ரகமோ புதிய கனமைசின் பாட்டிலோ என்றால், முன்கூட்டியே 0, 25, 50, 75, 100, 150 மி.கி. என்று வரிசையாகத் தட்டு ஊற்றி, தொற்று கொடுக்காத துண்டின் வளர்ச்சி எந்த அளவில் முழுதாக நின்றுபோகிறது என்று பார்த்துவிடுங்கள். மூன்று வார வேலைதான்.

படி 5: தளிரும் வேரும்

மூன்றாவது வாரத்திலிருந்து முண்டுகள், ஐந்தாவது வாரத்தில் இலையுள்ள தளிர்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்ததும் அடியில் காலஸ் (உருவம் பெறாத செல் திரள்) ஒட்டாமல் சுத்தமாக வெட்டுங்கள். காலஸ் ஒட்டியிருந்தால் வேர் தாமதமாகும். ஒரே துண்டின் ஒரே இடத்திலிருந்து நான்கு தளிர் வந்தால் அவை ஒரே செல்லின் பிள்ளைகளாக இருக்கலாம். எனவே ஒரு இடத்துக்கு ஒன்று மட்டும் எடுத்து, எண் கொடுங்கள். தட்டு, துண்டு, தளிர் என்று மூன்று எண்ணும் பாட்டிலின் மேல் இருக்கட்டும். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.

வேர் மீடியா: பாதி எம்எஸ், ஹார்மோன் கிடையாது, கனமைசின் 100, செஃபோடாக்சிம் 250. இதுதான் உண்மையான சல்லடை. இலைத் துண்டில் இருந்தபோது பக்கத்துச் செல்களின் தயவில் பிழைத்த தளிர் இங்கே தனியாக நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அடியிலிருந்து வெள்ளை வேர் நேராக மீடியாவுக்குள் இறங்கினால் நம்பிக்கை வைக்கலாம். மேலேயே சுருண்டு, காற்றில் நீளும் வேரை நம்பாதீர்கள்.

படி 6: தொட்டிக்கு

அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுதாகக் கழுவி, தென்னைநார்க் கழிவும் வெர்மிகுலைட்டும் கலந்த சிறு தொட்டியில் நட்டு, பாலித்தீன் பையால் மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பையில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்து, பத்தாம் நாள் எடுத்துவிடலாம். அனுமதி பெற்ற வலைக்கூடத்துக்குள்தான் வைக்க வேண்டும்.

படி 7: நிரூபித்தல்

கஸ் சாயம் முதலில். ரிச்சர்ட் ஜெஃபர்சன் 1987ல் கொடுத்த இந்த முறையை இன்றும் நான் விரும்பிச் செய்கிறேன். எக்ஸ்-குளுக் 1 மில்லிமோலார், பிஎச் 7 பாஸ்பேட் கரைசல், 0.1 சதவீதம் ட்ரைட்டான், ஃபெர்ரி, ஃபெர்ரோ சயனைடு தலா 0.5 மில்லிமோலார். சின்ன இலைத் துண்டைப் போட்டு 37 டிகிரியில் இரவு முழுக்க விட்டு, காலையில் 70 சதவீத எத்தனாலில் மாற்றி மாற்றி ஊறவிட்டால் பச்சையம் கழன்று நீலம் மட்டும் நிற்கும். மாற்றப்படாத செடியின் துண்டும் கூடவே போக வேண்டும். அதிலும் நீலம் வந்தால் கரைசலில் 20 சதவீதம் மெத்தனால் சேருங்கள், செடியின் சொந்த நொதி அடங்கும்.

அடுத்து பிசிஆர். சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு இலை டிஎன்ஏ எடுத்து என்பிடி-2 பிரைமர் போட்டால் பட்டை வரும். ஆனால் செடியின் திசு இடைவெளியில் பாக்டீரியா மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், அதுவும் இதே பட்டையைத் தரும். எனவே எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு விர் மரபணுவுக்கும் பிரைமர் போடுங்கள். என்பிடி-2 வர வேண்டும், விர் வரக் கூடாது. இரண்டும் வந்தால் அந்த மாதிரியில் பாக்டீரியா இருக்கிறது. இலையைக் கழுவி நறுக்கி ஒய்இபி தட்டில் மூன்று நாள் வைத்தாலும் வெளியே வந்துவிடும். செடியின் சொந்த மரபணு ஒன்றுக்கான பிரைமரும் சேர்த்துவிட்டால், பட்டை வராத மாதிரியில் டிஎன்ஏவே கெட்டதா என்ற சந்தேகம் இருக்காது.

எத்தனை பிரதி ஏறியது என்பதை, வெட்டிய டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து நம் மரபணுவைத் தேடும் சதர்ன் பிளாட் சொல்லும். டி-டிஎன்ஏவுக்குள் ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் 10 மைக்ரோகிராம் டிஎன்ஏவை வெட்டுங்கள். ஒரு முனை டி-டிஎன்ஏவுக்குள், மறுமுனை செடியின் டிஎன்ஏவில் எங்கோ இருப்பதால், ஏறிய இடத்துக்கு ஒரு பட்டை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் தெரியும். வெவ்வேறு தளிர் என்று நீங்கள் எண் கொடுத்த இரண்டு செடிகளில் பட்டைகள் அச்சாக ஒரே இடத்தில் நின்றால், அவை ஒரே செல்லிலிருந்து வந்த உடன்பிறப்புகள்.

கடைசியாக விதை. பூக்கும் முன்பே பூங்கொத்தைப் பையால் மூடுங்கள், புகையிலை தானாகவே தன்மகரந்தம் ஆகும். காய் பழுப்பாகிக் காய்ந்ததும் விதையை எடுத்து, 200 மி.கி. கனமைசின் உள்ள எம்எஸ் தட்டில் 100 விதை முளைக்க வையுங்கள். கனமைசின் பசுங்கணிகத்தின் ரைபோசோமை முடக்குவதால், மரபணு இல்லாத நாற்று சாகும் முன் பால்வெள்ளையாக நிற்கும். மரபணு உள்ளது பச்சையாக வளரும். மூன்று வாரத்தில் எண்ணிவிடலாம்.

72 பச்சை, 28 வெள்ளை வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் ஏறியிருந்தால் 75, 25 வர வேண்டும். வித்தியாசம் இரண்டிலும் 3. வர்க்கம் 9. அதை 75ஆலும் 25ஆலும் வகுத்துக் கூட்டினால் 0.12, 0.36, மொத்தம் 0.48. கைவர்க்கச் சோதனையில் (கை-ஸ்கொயர், χ²) எல்லை 3.84. அதற்குள் இருப்பதால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தோடு பொருந்துகிறது. வெள்ளை ஆறேழு மட்டும் வந்தால் பதினைந்துக்கு ஒன்று, அதாவது தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஏறியிருக்கலாம். நூறும் வெள்ளையாக வந்தால் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை, அல்லது போயும் ஊமையாகிவிட்டது. முதல் தலைமுறையில் நீலம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்த வரிசையை, அதாவது அந்தச் செடியின் வழித்தோன்றல்களை, நிறுத்திவிடுங்கள்.

மூன்றுக்கு ஒன்று காட்டிய வரிசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பச்சை நாற்றைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றின் விதையையும் மறுபடி கனமைசினில் முளைக்க வையுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செடிகளின் விதை முழுக்கப் பச்சையாக வரும். அவைதான் இரண்டு குரோமோசோமிலும் மரபணு உள்ள, இனி பிரிந்து மாறாத வரிசைகள். இதே பொறுமையோடுதான் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு அலையாத்தி மரம் ஒன்றின் மரபணுவை நெல்லில் ஏற்றி, அந்த நெல் உப்பைத் தாங்குவதைக் காட்டி 2008ல் வெளியிட்டது.

முழுப் பச்சை வரிசைகளின் விதையைக் காகித உறையில் போட்டு, தளிர் எண், தலைமுறை, அறுவடைத் தேதி எழுதி, சிலிக்கா ஜெல்லோடு 4 டிகிரியில் வையுங்கள். மீதிச் செடி, மண், தட்டு, கையுறை எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே விடுங்கள். எத்தனை பொட்டலம் வைத்தீர்கள், எத்தனை அழித்தீர்கள் என்று உயிரிப் பாதுகாப்புப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.